கிட்டார் பலகைக்கு எந்தக் காலிபர்?

என் முதல் கிட்டாரின் மேல்பலகையை இழைத்துத் தரச் சொல்லி எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். ஸ்ப்ரூஸ் மரம், பார்சலில் வந்தது. "2.8 மில்லி வேணும்ணே" என்றேன். அவர் மில்லியில் யோசிப்பவர் இல்லை, நூலில் யோசிப்பவர். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல், அதாவது 3.175 மி.மீ. மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "ஒரு நூலுக்கும் கம்மியா? தம்பி, அது பலகையா அப்பளமா?" என்று கேட்டார். ஆனாலும் கோடு போட்டு அழகாக இழைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் இருந்த சாதாரண வெர்னியர் காலிபரால் (பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே பிடித்துத் தடிமன் பார்க்கும் கருவி) விளிம்பைச் சுற்றி அளந்தேன். எல்லா இடத்திலும் 2.8-ஐ ஒட்டி வந்தது. பிறகு உப்புத்தாள் கட்டையால் பலகை முழுக்கத் தேய்த்தேன். கிட்டார் முடிந்து கம்பி ஏற்றி மூன்று மாதத்தில் பிரிட்ஜுக்கு (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் கட்டை) முன்னால் பலகை குழிந்தது, பின்னால் வீங்கியது. கடைசியில் அந்தப் பலகையைக் கழற்றி நடுவில் அறுத்துப் பார்த்தேன். விளிம்பில் 2.7, நடுவில் 2.1. கட்டையை நடுவில்தான் அழுத்தித் தேய்த்திருக்கிறேன், என் வெர்னியரின் தாடையோ நடுப்பகுதிக்கு எட்டவே இல்லை.

"கிட்டார் செய்யப் போறேன், எந்தக் காலிபர் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். கேட்பவர்கள் பெரும்பாலும் டிஜிட்டலா, டயலா, வெர்னியரா என்ற மூன்றுக்கு நடுவே நிற்பார்கள். அந்த மூன்றில் எதை வாங்கினாலும் இந்த நடுப்பலகைப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

எவ்வளவு நுட்பம் தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம், காசு அங்கேதான் வீணாகிறது. பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு (கனத்துக்கு) ஏற்ப மாறும். 2.8 மி.மீ. பலகையை 2.6-க்கு இறக்கினால் விறைப்பில் ஏறக்குறைய 20 சதவீதம் போய்விடும். 0.1 மி.மீ. இறங்கினாலே 10 சதவீதம். அதனால் 0.1 மி.மீ. வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். 0.02 மி.மீ. என்றால் 2 சதவீதம். இரண்டு ஸ்ப்ரூஸ் பலகைகளுக்கு இடையே இயல்பாகவே இருக்கும் வித்தியாசம் இதைவிடப் பெரியது. மழைக்காலத்துக் காற்றில் ஒரு வாரம் கிடந்தாலும் பலகை கொஞ்சம் மாறிவிடும். தாடையை இறுக்கிப் பிடித்தால் ஸ்ப்ரூஸ் உள்வாங்கி அளவு குறைவாகக் காட்டும். ஆக மரத்தைப் பொறுத்தவரை 0.05 மி.மீ. வரை நம்பக்கூடிய கருவி இருந்தால் போதும்.

உலோகத்துக்கு வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வெர்னியர். பிரான்சைச் சேர்ந்த பியர் வெர்னியர் 1631-இல் எழுதி வெளியிட்ட யோசனை இன்னும் அதே வடிவில் இரும்புக்கடையில் தொங்குகிறது. பள்ளியில் நாம் படித்த வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ., வெர்னியர் கோலில் 10 பிரிவு. பட்டறையில் வாங்குவது 0.02 மி.மீ. காட்டும், அதில் 50 பிரிவு, 49 மி.மீ. நீளத்துக்குள். பேட்டரி கிடையாது, பல்சக்கரம் கிடையாது, தூசியாலும் கெடாது. கீழே விழுந்து தாடை வளையாவிட்டால் பேரன் காலம்வரை வரும். குறை கண்ணுக்குத்தான். நாற்பதைத் தாண்டியவர் டியூப்லைட் வெளிச்சத்தில் 50 கோட்டில் எந்தக் கோடு நேராக நிற்கிறது என்று பார்த்தால், பக்கத்துப் பக்கத்து மூன்று கோடும் நேராக நிற்பதுபோல்தான் தெரியும். இழைத்து, அளந்து, மறுபடி இழைத்து என்று ஒரு மாலையில் நூறு முறை அளக்கும் வேலையில் அது பொறுமையைச் சோதிக்கும். மாணவருக்கும், பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கும் தயங்காமல் சொல்வேன்: நல்ல எஃகு வெர்னியர், மலிவான டிஜிட்டலைவிட மேல்.

டயல் காலிபர் எனக்குப் பிடித்தது. ஆனால் அதை மரப்பட்டறைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். முள் நகர்வதைப் பார்த்தாலே "இன்னும் கொஞ்சம்தான்" என்று கைக்குப் புரிந்துவிடும், எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. பேட்டரியும் வேண்டாம். ஆனால் உள்ளே ஒரு பல்தண்டில் சின்னப் பல்சக்கரம் ஓடுகிறது. அந்தப் பல்லுக்கு நடுவே ஒரு துகள் புகுந்தால் சக்கரம் ஒரு பல் தாண்டி உட்காரும். பிறகு தாடையை மூடினால் முள் சுழியில் நிற்காது. ஈட்டிமரத்தைத் தேய்க்கும்போது வரும் தூள் எண்ணெய்ப் பசையோடு இருக்கும், எதன்மேல் படிந்தாலும் லேசில் போகாது. ஃப்ரெட்டை (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டை) அரத்தால் தேய்த்தால் உலோகத்தூள் வேறு. லேத் பட்டறையில் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கும் பழக்கம் உள்ளவரிடம் டயல் காலிபர் பிழைக்கும். என் மேசையில் அது பிழைக்கவில்லை.

டிஜிட்டலில் இரண்டு சாதி. சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது ஒன்று, ஆயிரங்களில் விற்கும் மிட்டுடோயோ போன்ற ஜப்பான் தயாரிப்பு இன்னொன்று. இரண்டும் திரையில் 0.01 மி.மீ. வரை காட்டும். திரையில் எத்தனை தசமம் தெரிகிறது என்பது வேறு, அந்த எண் எவ்வளவு சரி என்பது வேறு. 150 மி.மீ. மிட்டுடோயோவின் பிழை எல்லை வழக்கமாக 0.02 மி.மீ. மலிவான உலோகக் காலிபரின் பெட்டியில் 0.03 என்று அச்சடித்திருப்பார்கள், பல சமயம் அதற்கு உண்மையாகவும் இருக்கும். அப்படியென்றால் கூடுதல் காசு எதற்கு? நகர்த்தும்போது ஆட்டமில்லாத வழுக்கல், தாடைகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பது, முக்கியமாக பேட்டரி. மலிவானது அணைத்துவைத்தாலும் உள்ளே எண்ணிக்கொண்டே இருக்கும், திரை மட்டும்தான் அணையும். அதனால் சில மாதத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். வேகமாக இழுத்தால் எண்ணிக்கை தவறி, மூடும்போது 0.00-க்குப் பதில் வேறு ஏதாவது காட்டும். மிட்டுடோயோவின் அப்சல்யூட் வகை தான் நிற்கும் இடத்தை நேரடியாகப் படிப்பதால் அந்தத் தொல்லை இல்லை, பேட்டரியும் ஆண்டுக்கணக்கில் வரும்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டிஜிட்டல் காலிபரின் தண்டுக்கும் நகரும் தலைக்கும் இடையே மின்தேக்கத்தை அளந்துதான் அது எண்ணுகிறது. நடுவே ஈரம் வந்தால் எண் தாவும். வியர்வைக் கையோடு, பசை ஒட்டிய விரலோடு தண்டைத் தொட்டுவிட்டு "கருவி கெட்டுப்போச்சு" என்று நானே ஒருமுறை கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். உலர்ந்த துணியால் அவர் துடைத்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

டிஜிட்டலின் பக்கம் என்னைச் சாய்த்தது நுட்பம் இல்லை, அங்குலத்துக்கு மாற்றும் அந்தச் சின்னப் பொத்தான். கிட்டார் உலகம் பாதி அங்குலத்தில் ஓடுகிறது. வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும், எலும்பு சேடில் (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) 3/32 அங்குலத்தில் வரும், கம்பியை முறுக்கும் டியூனரின் துளை 10 மி.மீ. கேட்கும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் திருகியின் கழுத்து 3/8 அங்குலமாக இருக்கும். வெர்னியரின் மேல்வரிசையில் அங்குலமும் உண்டுதான், ஆனால் நடுராத்திரியில் அதைப் படித்து மில்லிமீட்டராக்கித் துளையிட்டால் துளை பெரிதாகிவிடும். இந்தப் பின்னத்திலேயே காட்டும் டிஜிட்டல்களும் விற்கின்றன, 1/128 வரை. அவற்றுக்குக் கூடுதல் காசு தரவேண்டிய அவசியமில்லை. அதற்குப் பதில் 2.38, 3.18, 9.53 என்ற மூன்று எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிடலாம்.

கார்பன் ஃபைபர் என்ற பெயரில் வரும் பிளாஸ்டிக் காலிபரை மட்டும் வாங்கவே வேண்டாம். கட்டைவிரலை அழுத்தும் அழுத்தத்துக்கு ஏற்ப தாடை வளையும், ஒரே பலகையில் ஐந்து எண் வரும்.

இப்போது நடுப்பலகைக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் உண்மையில் முக்கியமான பகுதி இதுதான்.

150 மி.மீ. காலிபரின் தாடை ஆழம் 40 மி.மீ. டிரெட்நாட் எனும் பெரிய உடம்புக் கிட்டாரின் கீழ்ப்பாகம், மிக அகலமான இடத்தில், ஏறக்குறைய 400 மி.மீ. நடுக்கோட்டை எட்ட 200 மி.மீ. உள்ளே போக வேண்டும். பக்கப்பலகையில் பரவாயில்லை: 100 முதல் 120 மி.மீ. வரைதான் அகலம், இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்தால் நடுவில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் விட்டுப்போகும். மேல்பலகையிலும் முதுகிலும் விட்டுப்போவதுதான் பெரும்பகுதி, அதிலும் பிரிட்ஜ் உட்காரும் இடம். 200 அல்லது 300 மி.மீ. காலிபர் வாங்கினாலும் நீளம்தான் கூடும், தாடை அதற்கேற்ப உள்ளே போகாது. கடையில் பெரிய காலிபரைக் காட்டி "இது எல்லாத்துக்கும் ஆகும் சார்" என்பார்கள். இதற்கு ஆகாது.

இதற்குத் தேவை ஆழமான வாய் கொண்ட தடிமன் அளவி. பெரிய யூ வடிவச் சட்டம், ஒரு முனையில் டயல் கேஜ் (தண்டு நகர்வதை முள்ளால் காட்டும் அளவி), எதிர்முனையில் உருண்டைத் தலை. தயார்நிலையில் இறக்குமதியாக வருபவை விலை கூடுதல். நான் செய்தது இப்படி: 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டு அடுக்காக ஒட்டி, 230 மி.மீ. ஆழம் வரும்படி யூ வடிவில் அறுத்தேன். கீழே ஒரு உருண்டைத் தலைத் திருகு, மேலே 10 மி.மீ. ஓட்டமுள்ள, 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜ். அது இந்தியாவிலேயே செய்கிறார்கள், பேக்கர் போன்ற பெயர்களில் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். லேத் பட்டறைகள் கழித்துப்போட்டது இருந்தால் இன்னும் மலிவு. ஒரே அடுக்கு பிளைவுட்டில் முதலில் செய்தேன். பலகையை நுழைத்ததும் கை பட்டால் சட்டமே வளைந்து முள் ஆடியது. அதனால்தான் இரண்டடுக்கு.

மரச்சட்டம் என்பதால் அதுவும் ஈரத்துக்கு அசையும். ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்குமுன் முனைகளைச் சேர்த்து டயலின் வளையத்தைத் திருப்பிச் சுழியில் நிறுத்த வேண்டும், சோம்பல் கூடாது. இன்னொன்று: டயல் கேஜின் சுருள்வில் அழுத்தம் ஸ்ப்ரூஸில் சின்னப் பள்ளம் போடும். முனையில் கூரான ஊசிக்குப் பதில் உருண்டை மாட்டிக்கொள்ளுங்கள். பலகையை இழுக்குமுன் தண்டை மேலே தூக்கிவிடுங்கள், அப்படியே இழுத்தால் கோடு விழும். பலகையில் பென்சிலால் 50 மி.மீ. கட்டம் போட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் அளவை எழுதிக்கொண்டு போனால், எங்கே இன்னும் எடுக்கலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்பது கோலப்புள்ளி மாதிரி கண்முன்னே தெரியும்.

ஒட்டி மூடிய கிட்டாரை அளக்க ஹாக்லிங்கர் கேஜ் என்று ஒன்று உண்டு. உள்ளே ஒரு காந்தம், வெளியே சுருள்வில் வைத்த குழாய், காந்தத்தின் இழுப்பை வைத்துத் தடிமன் சொல்லும். வயலின் செய்பவர்களும் பழைய கருவிகளைப் பழுதுபார்ப்பவர்களும் கொண்டாடும் பொருள். வருடத்துக்கு ஒரு கிட்டார் செய்கிறவருக்கு அந்த விலை கொடுக்க நியாயமில்லை. ஒட்டுமுன் ஒழுங்காக அளந்தால் பிறகு அதைத் தேட வேண்டியிருக்காது.

உலோகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். கம்பியில்தான் காலிபரின் வீராப்பு வெளிப்படும். ஒன்பது செட்டின் முதல் கம்பி 0.009 அங்குலம், 0.229 மி.மீ. பத்து செட்டுடையது 0.254. வித்தியாசம் 0.025 மி.மீ. பிழை எல்லையே 0.03 என்ற காலிபர் இதில் எதைச் சொன்னாலும் முழுதாக நம்ப முடியாது. மிட்டுடோயோவும் இங்கே விளிம்பில்தான் நிற்கிறது. உறை தொலைந்த கம்பி எது என்று அறியவும், நட்டில் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) காடி வெட்டும்போது எந்த அரம் எடுப்பது என்று முடிவு செய்யவும் சாதாரண 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் போதும். பள்ளியில் திருகு அளவி என்று படித்தோமே, அதேதான். 0.01 மி.மீ. சுலபமாகப் படிக்கலாம், ராட்செட் இருப்பதால் எல்லாரும் ஒரே அழுத்தத்தில் பிடிப்பார்கள். விலை உயர்ந்த காலிபருக்கு வைத்திருக்கும் காசில் மலிவுக் காலிபரும் இந்த மைக்ரோமீட்டரும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

ஃப்ரெட் அதைவிடக் கறார். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள், காது சொன்னபடி நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் மரத்தில் காடி அறுத்து அடித்து இறக்கினால் அடித்ததுதான். ஃப்ரெட்டின் அடித்தகடு ஏறக்குறைய 0.5 மி.மீ., காடி 0.58 அளவில் இருக்கும், தகட்டின் பக்கத்திலுள்ள சின்ன முட்கள் மரத்தைக் கவ்விக்கொள்ளும். காடி ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. இறுக்கமாக இருந்தால், 20 ஃப்ரெட் அடித்து முடிப்பதற்குள் ஃபிங்கர்போர்டு முழுக்க 1 மி.மீ. ஆப்பு அடித்த மாதிரி ஆகிக் கழுத்து பின்பக்கம் வளையும். தகட்டை அளக்கக் காலிபர் சரி: தாடையின் மெலிந்த கத்தி முனையால், முட்களுக்கு நடுவே. காடியை அளக்கக் காலிபர் உதவாது, மேல்புறத்துச் சின்னத் தாடைகள்கூட அந்த இடுக்கில் நுழையாது. ஆழம் பார்க்கும் தண்டும் அதற்குத் தடிமன். ஃபீலர் கேஜ் எடுங்கள், மெக்கானிக் கடையில் வால்வு இடைவெளி பார்ப்பார்களே, அந்தத் தகடுகள். அகலத்துக்கும் அதுதான், ஒரு தகட்டில் கோடு கிழித்தால் ஆழத்துக்கும் அதுதான், முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி பார்க்கவும் அதுதான்.

ஃப்ரெட் இடங்களைக் காலிபரால் குறிக்கவே கூடாது. நட்டிலிருந்து சேடில் வரை கம்பி நீளம் 650 மி.மீ. உள்ள கிட்டாரில் முதல் ஃப்ரெட் 36.48 மி.மீ.யில் வரும், அடுத்தது அதிலிருந்து 34.43. திரையில் இரண்டு தசமம் தெரிவதைப் பார்த்ததும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிக் குறிக்க ஆசை வரும். ஒவ்வொரு தாவலிலும் 0.05 ஒரே பக்கம் தவறினால் 12-ஆம் ஃப்ரெட்டில் 0.6 மி.மீ., சுருதியில் 3 சென்ட் அளவு (அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு இடையேயான சுருதியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). நட்டிலிருந்து ஒரே நீள எஃகு ஸ்கேலை வைத்து, கத்தியால் எல்லாக் குறியும் போடுவதுதான் வழி. 150 மி.மீ. காலிபர் நட்டிலிருந்து நான்கு ஃப்ரெட்டுக்கு மேல் எட்டவும் எட்டாது.

டியூனர் துளைக்கு ஒரு எச்சரிக்கை: மேல்புறத் தாடைகளின் நுனி சிறிது தட்டையாக இருப்பதால் சின்னத் துளையை உண்மையைவிடச் சிறிதாகக் காட்டும். 10 மி.மீ. துளையை அளந்து 9.9 வந்தால் துரப்பணத்தை எடுத்து ஓடாதீர்கள். அந்த டியூனரையே நுழைத்துப் பாருங்கள்.

எனவே, 150 மி.மீ. உலோக உடம்பு டிஜிட்டல் ஒன்று, ஃபீலர் கேஜ் ஒன்று, கையால் செய்த தடிமன் அளவி ஒன்று. இந்த வரிசையில் வாங்குங்கள், மைக்ரோமீட்டர் அடுத்த மாதம். ஏற்கெனவே வீட்டில் எஃகு வெர்னியர் இருந்தால் டிஜிட்டலைத் தள்ளிப்போட்டு முதல் காசை டயல் கேஜில் போடுங்கள். லேத் வேலையும் கூடச் செய்கிறவர், கம்பி விற்பவர், வாரத்துக்கு ஒரு கிட்டார் பழுதுபார்ப்பவர், இவர்களுக்கு மட்டும் மிட்டுடோயோ. அதுவும் தெரிந்த கடையில் பில்லோடு, ஏனென்றால் அந்தப் பெயரில் போலி நிறைய நடமாடுகிறது. டிஜிட்டலில் எல்ஆர்44-க்குப் பதில் எஸ்ஆர்44 போடுங்கள், சில்வர் ஆக்சைடு பேட்டரி தீரும்வரை மின்னழுத்தம் குறையாமல் தரும். மலிவு வகை என்றால் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு 608 பேரிங் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருவது, சில பத்து ரூபாய். வெளிவிட்டம் 22 மி.மீ., துளை 8 மி.மீ., இரண்டிலும் பிழை 0.01-ஐத் தாண்டாது. அகலம் 7 என்றிருக்கும், அதை நம்ப வேண்டாம், அதில் 0.12 வரை குறையலாம் என்று அனுமதி உண்டு. தாடையை மூடி விளக்குக்கு எதிரே பிடித்து வெளிச்சம் ஒழுகுகிறதா பாருங்கள். பத்து முறை திறந்து மூடி, பத்து முறையும் சுழிக்கு வருகிறதா பாருங்கள். பிறகு பேரிங்கின் வெளிவிட்டம், ஒருமுறை தாடையின் அடியில் பிடித்து, ஒருமுறை நுனியில் பிடித்து. இரண்டு எண்ணுக்கும் 0.05-க்கு மேல் வித்தியாசம் வந்தால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, அடுத்ததை எடுங்க" என்று கேளுங்கள்.